பாதை உங்கள் ஊர் எல்லையில் அறுந்துவிட வேண்டாம்: ஆற்றங்கரை நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஆற்றோரமாக நெடுந்தூரம் செல்லும் சைக்கிள் பாதைக்கு ஆதரவு தரலாமா, எவ்வளவு நிதி ஒதுக்கலாம் என்று பல நகரங்களில் பேச்சு நடக்கிறது. சுற்றுலா வளரும் என்பதால் பெரும்பாலும் எல்லோரும் சரி என்றுதான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பாதைகளில் பல வருடங்களாகப் பயணம் செய்பவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நகரத்துக்குள் அந்தப் பாதை அறுந்துபோக விடாதீர்கள்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். காலையிலிருந்து மர நிழலில், தண்ணீரைப் பார்த்தபடியே அறுபது கிலோமீட்டர் மிதித்து வந்திருந்தேன். நகர எல்லைப் பலகையைத் தாண்டியதும் வழிகாட்டிப் பலகைகள் நின்றுவிட்டன. லாரிகள் ஓடும் சாலையில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனால், எதிரே ஒரு பாலம். மேலே ஏறப் படிக்கட்டு மட்டும்தான். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கிய பைகளைக் கழற்றி மேலே வைத்துவிட்டு, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கினேன். பின்னாலேயே வயதான கணவன் மனைவி இருவர் வந்தார்கள். அந்த அம்மாவின் சைக்கிளையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். இரண்டு இரவு தங்குவதாக இருந்தவர்கள், மறுநாள் காலையிலேயே ரயிலேறிவிட்டார்கள். அந்த ஊர் எத்தனை அழகானது என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஊருக்கு வெளியே பாதை அமைப்பது ஓரளவு எளிது. பல இடங்களில் அது ஏற்கெனவே கிடக்கிறது. ஐரோப்பாவின் டான்யூப் நதிக்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் புகழ்பெற்ற பாதையின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் படகுகளைக் கயிறு கட்டி நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் இழுத்துப்போன வழிதான். நீராவிக் கப்பல் வந்ததும் குதிரைகளுக்கு வேலை போனது, வழி தங்கிவிட்டது. ஆற்றை ஒட்டியே போவதால் பெரிய ஏற்றம் கிடையாது. அதனால்தான் குழந்தைகளும் முதியவர்களும் துணிந்து கிளம்புகிறார்கள்.

நகரத்துக்குள் நிலைமை வேறு. கரையைக் கிடங்கும் ரயில் பாதையும் வாகனச் சாலையும் பிடித்துக்கொண்டிருக்கும். செலவும் சிக்கலும் இங்கேதான், புரிகிறது. ஆனால் தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் ரயில் நிலையமும் இருப்பதும் இங்கேதானே? காரில் வருபவர் உங்கள் ஊரை அரை மணி நேரத்தில் கடந்துவிடுவார். சைக்கிளில் வருபவர் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் போவார். இருட்டுவதற்குள் எங்கேயாவது படுத்தே ஆக வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டு வர இடமில்லாததால் அன்றன்றைக்கு வேண்டியதை அங்கங்கேதான் வாங்குவார். அப்புறம், பசி. நாள் முழுக்க மிதித்தவனின் பசி சாதாரணப் பசி அல்ல.

அவரைத் தங்கவைக்க மாளிகை வேண்டாம். பிரான்சில் லுவார் நதியோரம் சுமார் 900 கிலோமீட்டர் நீளும் பாதையில், சைக்கிள் பயணிகளை வரவேற்கும் விடுதிகளுக்கென்று தனி அங்கீகார முத்திரையே உண்டு. பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பத்திரமாகப் பூட்டிவைக்க இடம் வேண்டும், பழுதுபார்க்கக் கருவிகள் வேண்டும். ஜெர்மனியில் இதுபோன்ற முத்திரை பெற்ற விடுதிகள், ஒரே ஓர் இரவு தங்க வருபவரையும் ஏற்றுக்கொள்கின்றன. தென் கொரியாவில் இஞ்சியோனிலிருந்து பூசான் வரை ஆறுகளைத் தொட்டுச் செல்லும் 633 கிலோமீட்டர் வழியில், சிவப்புக் கூண்டுகளில் மை தொட்டுக் குத்தும் முத்திரை வைத்திருக்கிறார்கள். கையேட்டில் ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டே போகலாம். அடுத்த முத்திரைக்காகவே இன்னும் இருபது கிலோமீட்டர் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து ஊர் மன்றத்தோடும் பேசுங்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற ஐரோப்பிய சைக்கிள் பாதை, பத்து நாடுகளைக் கடக்கிறது. அத்தனை நாடுகளும் அந்த ஒரே பாதை எண்ணை ஏற்றுக்கொண்டிருக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் ஒரே மாதிரிப் பலகை வைக்க முடியாதா? பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். வெள்ளம் வடிந்த பிறகு பாதையில் படியும் வண்டல், ஒரு மழை பெய்தால் போதும், சைக்கிளைச் சறுக்கி விழவைத்துவிடும். பாதையை மூட நேர்ந்தால், தடுப்பு வைத்த இடத்தில் அல்ல, அதற்கு முந்தைய சந்திப்பிலேயே மாற்றுவழியைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பயணிகளுக்காக என்று சொல்லி, கரையில் குடியிருப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் தயவுசெய்து அப்புறப்படுத்தாதீர்கள். அவர்கள் நடமாட்டம் உள்ள கரையில்தான் தனியாக வருபவர் பயமின்றிப் போக முடியும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் அதே பாதை பயன்படட்டும். கூட்டம் உள்ள இடத்தில் நடப்பவர்களுக்குத் தனித் தடம் விட்டால் சண்டை இருக்காது.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு மாலை, உறுப்பினர்களில் இரண்டு பேராவது கேரியரில் பதினைந்து கிலோ ஏற்றிக்கொண்டு, ஊரின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை ஆற்றோரமாக மிதித்துப் பாருங்கள். எங்கே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது, எங்கே வழி தெரியாமல் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருட நிதியை அந்த இடங்களுக்கே கொடுங்கள்.

நம்பிக்கையுடன்,
ஆற்றோரமாக வரும் ஒரு சைக்கிள் பயணி