ஓடி மறையும் திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களுக்காக எடுக்கப்படும் வெளிநாட்டு நையாண்டி கார்ட்டூன் தொடர்கள் மனிதர்களைப் பொது இடத்தில் தலைகுனிய வைப்பதையே வேடிக்கையாக்குகின்றன, அவற்றைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒருவரையொருவர் படம் பிடித்துக் கேலி செய்யக் கற்றுக்கொள்கிறார்கள், ஆகவே அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் அவர் குற்றத்தை இறக்கி வைக்கும் இடம் தவறு என்று நினைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் பக்கத்தில் அமர்ந்து விளக்க விளக்க, அத்தொடர்களில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவள் என்னதான் பார்க்கிறாள் என்று வேவு பார்க்கவே முதலில் உட்கார்ந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வகைக் கதைகளுக்கென ஒரு மரபு இருக்கிறது. 1989 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில், பார்ட் என்னும் சிறுவனுக்கு அன்றும் 10 வயது, இன்றும் 10 வயது. ஏறத்தாழ 22 நிமிடங்களில் வீடு எரியலாம், அப்பாவுக்கு வேலை போகலாம், ஊரே ஒரு குடும்பத்தைக் காறித் துப்பலாம். அடுத்த வாரம் அதே வீட்டில், அதே சோபாவில், ஒன்றும் நடக்காததுபோல எல்லோரும் வந்து உட்காருவார்கள். இதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. பழைய பகுதிகளை உள்ளூர் நிலையங்கள் வாங்கி எந்த வரிசையில் வேண்டுமானாலும் மறுஒளிபரப்புச் செய்யும் வழக்கம் அங்கே இருந்ததால், ஒவ்வொரு பகுதியும் முன்கதை தெரியாதவருக்கும் புரியும்படி தனியாக நிற்க வேண்டியிருந்தது. வரைந்த முகத்துக்கு மூப்பும் கிடையாது. எனவே அவமானமும் அந்த 22 நிமிடத்தோடு கழுவப்பட்டுவிடுகிறது.

இதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. என் தந்தை ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த நாடகப் பாடங்களைக் கொண்டு, ஒத்திகையே இல்லாமல், மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் தனித்தனியாக வந்து இறங்கும் நடிகர்கள் இரவு பத்து மணிக்கு மேல் ஒரே மேடையில் சேர்ந்து விடியும்வரை நடத்துவார்கள். அதில் பபூன் என்னும் கோமாளி வரும் கட்டத்துக்கு ஓர் உரிமை உண்டு. விழா நடத்தும் ஊரின் பெரிய மனிதர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவருடைய கஞ்சத்தனத்தையும் சாயம் பூசிய மீசையையும் பபூன் மைக்கிலேயே இழுப்பார். கூட்டம் சிரிக்கும். அந்தப் பெரிய மனிதரே எழுந்து வந்து பத்து ரூபாய் நோட்டை பபூன் சட்டையில் ஊசி குத்திவிட்டுப் போவார். அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. காலையில் கண்மாய்க் கரையில் அவரைப் பார்த்து யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மேடைக்கு என்று கட்டிய எல்லை அது. பார்ப்பவர், நடிப்பவர், கேலிக்கு ஆளானவர் மூவருக்கும் அந்த எல்லை தெரிந்திருந்தது.

கார்ட்டூன் மரபும் இவ்வளவுதானா என்றால், இல்லை. அதில் இன்னொரு விஷமம் இருக்கிறது. அதைக் காட்ட, சிம்ப்சன்ஸ் தொடரில் 1994இல் ஒளிபரப்பான ஒரு பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். குடும்பத் தலைவர் ஹோமர் தீனிப்பண்டாரம். மிட்டாய்க் கண்காட்சி ஒன்றில் அரிய மிட்டாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வருகிறார். அன்றிரவு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்ணைக் காரில் கொண்டுபோய் விடும்போது, அந்த மிட்டாய் அவளுடைய உடையின் பின்புறத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டு, சபலம் தாங்காமல் அதைப் பிடுங்குகிறார். அந்தப் பெண் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். மறுநாள் வீட்டு வாசலில் போராட்டக் கூட்டம். தன் தரப்பைச் சொல்லிவிடலாம் என்று ஹோமர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பேட்டி கொடுக்கிறார். அவர்கள் அதை வெட்டி ஒட்டி, அவரே தம்மைக் காமுகன் என்று ஒப்புக்கொள்வதுபோல ஒளிபரப்புகிறார்கள். வெட்டிய இடங்களில் எல்லாம் அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கும் கடிகாரத்தின் முள் முன்னும் பின்னும் தாவுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் கடிகாரம் தெரிகிறது. கார்ட்டூன் ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில், பள்ளித் தோட்டக்காரர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த வீடியோ உண்மையைக் காட்டிவிடுகிறது. (கார்களில் ஒதுங்கும் ஜோடிகளை ஒளிந்திருந்து படமெடுப்பது அவருடைய பழக்கம்.) அதே நிகழ்ச்சி இப்போது வருத்தம் தெரிவிக்கிறது. எப்படி? இதுவரை தாங்கள் சொன்ன பொய்களுக்கான திருத்தங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலைத் திரையில் ஓட விடுகிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒழிய ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாத வேகம். என் மகள் நிறுத்தி நிறுத்தித்தான் காட்டினாள். அடுத்து, ஹோமரைக் காப்பாற்றிய அந்தத் தோட்டக்காரரையே ‘ஒளிந்து பார்ப்பவன்’ என்று அதே நிகழ்ச்சி ஊருக்கு அறிவிக்கிறது. ஹோமர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நம்புகிறார். தம்மை அழித்த தொலைக்காட்சிப் பெட்டியை அன்போடு கட்டிக்கொள்கிறார்.

ஆக, பழையபடி ஆனவர் ஹோமர் மட்டுமல்ல. கூட்டமும் பழையபடி, தொலைக்காட்சியும் பழையபடி, அடிபட்டவனின் புத்தியும் பழையபடி. நையாண்டி கடிக்கிற இடம் அதுதான். தனிமனிதன் தலைகுனிவதைப் பார்த்துச் சிரிக்கத்தானே சொல்கிறார்கள் என்று தடை கேட்ட நண்பர் எண்ணுகிறார். கதை விரலை நீட்டுவதோ வாசலில் நின்று கத்துகிறவர்களை நோக்கி. 1997இல் வந்த இன்னொரு பகுதியில் இந்த மரபையே அவர்கள் கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆள்மாறாட்டம் செய்தவர் என்று தெரியவருகிறது. வியட்நாம் போரில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட உண்மையான ஆளே திரும்பி வந்துவிடுகிறார். ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவரை நாற்காலியோடு கட்டி ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, இனி எல்லாம் முன்புபோலவே நடக்கும், இதைப் பற்றி மீண்டும் பேசுபவருக்குச் சித்திரவதைத் தண்டனை என்று நீதிபதி ஆணையிடுகிறார். பல ரசிகர்களுக்கு அந்தப் பகுதி கொஞ்சமும் பிடிக்கவில்லை. எனக்கோ, மாற்றத்தைத் தாங்க முடியாமல் பொய்யையே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊரைப் பற்றி இதைவிட நேராகச் சொல்ல முடியாது என்று பட்டது.

மரபை உடைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரில் குதிரைத் தலையுள்ள ஒரு பழைய நடிகன்தான் நாயகன். முதல் ஆண்டிலேயே குடிபோதையில் ஹாலிவுட் மலைமேல் நிற்கும் பெயர்ப்பலகையின் கடைசி எழுத்தைத் திருடிவிடுகிறான். வழக்கமான கார்ட்டூனாக இருந்தால் அடுத்த வாரம் அந்த எழுத்து தன் இடத்தில் நிற்கும். இதில் திரும்பவில்லை, அந்த ஊரை எல்லோரும் எழுத்துக் குறைந்த பெயராலேயே அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடைசி ஆண்டில் அவன் செய்த பழைய தீங்குகள் வெளியே வருகின்றன. முதல் தொலைக்காட்சிப் பேட்டியில் கண் கலங்கப் பேசிச் சமாளித்துவிடுகிறான். பாராட்டுக் கிடைத்த மயக்கத்தில் இரண்டாவது பேட்டிக்கும் ஒப்புக்கொள்கிறான். அங்கே அவன் ஒவ்வொரு பெண்ணிடமும் நடந்துகொண்ட விதம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும்போது பதில் இல்லை. இங்கே அவமானம் நியாயமானது, கழுவப்படுவதும் இல்லை. சிரிக்க வந்த நாங்கள் இருவரும் அன்றிரவு பேசாமல் படுக்கப் போனோம். கழுவிவிடும் கதையும் கழுவாத கதையும் ஒரே சரக்கு என்று சேர்த்துக் கட்டித் தடை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தைகள் பார்க்கும் ‘ஷின்சான்’ பற்றியும் நண்பர் குறை சொல்லியிருந்தார். ஜப்பானில் 1990இல் பெரியவர்களுக்கான வார இதழில் படக்கதையாகத் தொடங்கி, 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது அது. தாயின் எடையையும் தந்தையின் கால் நாற்றத்தையும் அண்டை வீட்டாரிடம் போட்டு உடைக்கும் ஐந்து வயதுப் பையனை அப்படியே ஆறு வயதுக் குழந்தைக்குப் போட்டுக் காட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை. அதில் அவர் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் கைப்பேசியில் ஒருவரைச் சந்தி சிரிக்க வைக்க நமக்குக் கார்ட்டூன் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. சிலம்பு திருடியவன் என்று கோவலனை வெட்டிய இடம் அதுதான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். பொற்கொல்லன் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, ஆள் போனான். பின்னர் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிவந்தது, கோவலன் வரவில்லை. நம் ஊர்க் கதைக்கு அடுத்த வாரம் என்ற ஒன்று இல்லை.

அந்தப் பொட்டலிலிருந்து சில தெருக்கள் தள்ளி எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் ஒருவர் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் இரண்டு பவுன் செயின் காணாமல் போயிற்று. இஸ்திரிக்குக் கொடுத்த துணியோடு போயிருக்கலாம் என்று அவர்களுக்குச் சந்தேகம். எதிர்வீட்டு சிசிடிவியில் பார்த்தபோது, அவர் ஒரு சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து வண்டி விரிப்பின் ஓரத்தில் வைப்பது தெரிந்தது. அந்த 14 விநாடியை மட்டும் வெட்டி, ‘உஷார்’ என்று தலைப்பிட்டுத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மாலைக்குள் அது மூன்று, நான்கு தெருக்களின் குழுக்களுக்குப் போய்விட்டது. வில்லாபுரத்தில் இருக்கும் என் மைத்துனிக்கு அதை அனுப்பி, ‘பார்த்துக் கொடு’ என்று எழுதியவன் நான். பதினோரு வருடம் என் சட்டைகளைத் தேய்த்தவர் அவர்.

நான்கு நாள் கழித்து அந்த வீட்டு வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்துக்குள் செயின் கிடைத்தது. வெட்டாத வீடியோவைப் பிறகு பார்த்தோம். பையிலிருந்து அவர் எடுத்தது சில்லறைக் காசு. தேய்த்து முடித்ததும் அதை எடுத்து மடித்த துணிக்கு மேலேயே வைத்துக் கட்டிக் கொடுக்கிறார். குழுவில் ‘செயின் கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதில் அவர் பெயர் இல்லை, அந்த 14 விநாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீர் லாரி வரும் நேரம், யாரோ ஒருவரின் பேரன் பிறந்தநாள், ஒரு காலை வணக்கப் படம் என்று பத்து நிமிடத்துக்குள் அந்த வரி மேலே ஏறி மறைந்துவிட்டது. ஹோமர் கதையில் ஓடிய திருத்தப் பட்டியலைப் பார்த்தபோது என்னால் சிரிக்க முடியாமல் போனது இதனால்தான். மைத்துனிக்கு நான் மறுப்பு அனுப்பியது மேலும் ஒரு வாரம் கழித்து. வீடியோ அதற்குள் அவளிடமிருந்து எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் தடை பற்றியது அல்ல. சந்தேகத்தின் பேரில் ஒருவர் பிடிபடும்போது படத்தோடும் நான்கு பத்தி அகலத் தலைப்போடும் செய்தி போடுவது எல்லா நாளிதழ்களிலும் உள்ள வழக்கம். அவரே குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படும்போது அச்செய்தி உள்பக்கத்து மூலையில் ஆறு வரியாகச் சுருங்குவதும் வழக்கம். கைது வந்த அதே பக்கத்தில், அதே அகலத்தில் விடுதலையும் வர வேண்டும் என்று ஒரு விதியைத் தங்கள் நாளிதழ் ஏற்றுக்கொண்டால், தெருக் குழு நடத்துபவர்களுக்கும் அதைக் காட்டிக் கேட்க எங்களுக்கு ஒரு முகம் கிடைக்கும்.

அந்த இஸ்திரிக்காரர் இப்போது ஜெய்ஹிந்துபுரம் பக்கம் வண்டி போட்டிருக்கிறார். என் சட்டைகளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டைப் பையையும் என் கண்ணெதிரே வெளியே இழுத்து உதறிக் காட்டுகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் சார், ஒரு தடவை பாத்துக்கிருங்க” என்றார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.