கப்பல் பட்டியலில் இருக்கும் அந்தத் தகப்பன் பெயர்: ஜோகன்னஸ்பர்க் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய கப்பல் பட்டியல் பக்கம் கிடைத்தது. உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தா மதராஸில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புக் கூலியாகப் போனவர், 'தகப்பன் பெயர்' கட்டத்தில் பெயர் தெளிவாக இருக்கிறது, ஆக ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டோம் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே, இணையத்தில் யாரோ அந்தப் பெயரைப் பிடித்து ஒரு ஜமீன் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார், அதையும் வம்சாவளியில் சேர்க்கலாமா என்று கேள்வி. வேண்டாம். வேறு சிலரும் இதையே கேட்பதால் பொதுவில் பதில் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அந்த ஒற்றை வரியை இன்னொரு தடவை பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், கடைசியில் அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. இதில் எழுதியவர் தன் கண்ணால் பார்த்தது உயரமும் தழும்பும்தான். மற்றதெல்லாம் வாயால் சொல்லக் கேட்டு, ஆங்கில எழுத்தில் காதுக்குப் பட்டபடி போட்டது. கடன்காரனுக்குப் பயந்தோ வீட்டில் சண்டை போட்டுக்கொண்டோ கிளம்பி வந்தவர் சொந்தப் பெயரைச் சொல்லியிருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது? பெயரே நிஜம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலத்தில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர் அது. ஜமீன்தாருக்கும் அதே பெயர் இருந்தது ஓர் ஆதாரமா!

குடும்பப் பெயரையும் நம்பிவிடாதீர்கள். டர்பனில் நாயுடு, பிள்ளை, மூட்லி (நம் முதலியார்தான்) என்று வருபவை சாதிப் பட்டங்கள். பெருமாள், முனுசாமி என்று வருபவை, முதலில் வந்தவரின் சொந்தப் பெயரையோ அவர் அப்பா பெயரையோ வெள்ளைக்கார அலுவலகம் குடும்பப் பெயராக்கிவிட்டவை. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு இன்னொன்று என்றுகூட ஆகியிருக்கும்.

நம்பக்கூடியது எண். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், ஆளுக்கொரு எண். 1866 வரை போனவர்கள் 6,445 பேர்தான், அப்புறம் 1874 வரை கப்பலே கிடையாது. அதனால் எண்ணைப் பார்த்தவுடனேயே எந்தக் காலம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெயர் எப்படித் திரிந்தாலும் எண் ஆளோடு கூடவே போகும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில்கூட அப்பா அம்மாவின் எண் இருக்கும். உங்கள் தேடலைப் பெயரிலிருந்து எடுத்து இந்த எண்ணில் கட்டுங்கள்.

அடுத்து, இடம். வட ஆற்காடு என்று பார்த்ததும் வேலூர்ப் பக்கம் தேட ஆரம்பித்துவிட்டீர்கள். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான், சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். உங்கள் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, வீட்டில் தெலுங்கு பேசிய ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பட்டியலில் அவருக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி படித்தீர்களா? அதே தாலுகா, அதே கிராமம் என்று வேறு யாராவது இருந்தால் அவர்களையும் எழுதி வையுங்கள். தனியாகக் கிளம்பியவர்கள் உண்டு, ஆனால் மச்சான், பங்காளி என்று சேர்ந்து கிளம்பியவர்களும் நிறைய. அந்தப் பெயர்கள் பின்னால் கல்யாணப் பதிவுகளில் சம்பந்தியாகத் தலைகாட்டினால் உங்களுக்கு யோகம்தான்.

நான் அதிகம் எதிர்பார்ப்பது உங்கள் பக்கத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தை. ஒப்பந்தம் முடிந்து கொஞ்சம் நிலமோ காய்கறித் தோட்டமோ வைத்திருந்து இறந்தவர் என்றால் சொத்துக் கோப்பு இருக்கலாம், அதில் இறப்பு அறிவிப்புப் படிவம் என்று ஒரு தாள் இருக்கும். இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம் மூன்றையும் அது கேட்கும். கப்பல் பட்டியலில் அம்மாவுக்குக் கட்டமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நிரப்பியது மகனாகவோ மனைவியாகவோ இருக்கும், அவர்களும் தெரியாமல் எழுதியிருக்கலாம்தான். ஆனால் எத்தனையோ வருஷம் கழித்து வேறு ஒருவர் சொல்லி அதே அப்பா பெயர் வந்தால், அப்போது நான் பேனாவால் எழுதச் சொல்வேன். அதுவரை பென்சில்.

இன்னொன்று நம் வீட்டு வழக்கம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகன் பெயர் என்ன? பட்டியலில் உள்ள தகப்பன் பெயரோடு ஒத்துப்போனால், ஜமீன் கதையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

டிஎன்ஏ பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட கூட்டத்தில் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம்போலக் காட்டும். காசைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

இந்தப் பக்கம் நான் தேடித் தரக்கூடியது குறைவு. கொள்ளுத்தாத்தா பிறந்த காலத்துக்குக் கிராமத்தில் பிறப்புப் பதிவை எதிர்பார்க்க முடியாது. நிலப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பட்டாதாரர் பெயர்தான் வரும். கூலிக்குக் கடல் தாண்டியவரின் அப்பாவுக்குப் பட்டா இருந்திருக்குமா என்ன? எனக்குக் கொஞ்சமாவது பிடி வேண்டுமென்றால் குலதெய்வம் எது என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் மாமியாருக்குத் தெரியாவிட்டால் அவருடைய நாத்தனாரைக் கேளுங்கள், இந்த விஷயங்கள் பெரும்பாலும் அந்த வீட்டில் பிறந்த பெண்களிடம்தான் தங்கியிருக்கும். கிராமப் பெயரோடு குலதெய்வமும் தெரிந்தால், கோயிலுக்கு யார் யார் பங்காளி என்று ஊரில் நேராகப் போய் விசாரிக்கலாம்.

சொத்துக் கோப்பு கிடைத்தால் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். கைநாட்டுக்குக் கீழே சாட்சி போட்டவர்களின் பெயரும் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்