மாப்பிள்ளையின் எஞ்சினுக்கு ஒரு ஸ்டாண்டு

நீரோடி,
ஆடி 6.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, மாப்பிள்ளை தம்பியோடு பங்கு சேர்ந்து வாங்கிய, வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின் விழிஞ்ஞத்து வீட்டுத் திண்ணையில் வலைக்குவியலின் மேல் படுத்துக் கிடக்கிறது என்றும், நம் வீட்டில் இருப்பது போன்ற மர ஸ்டாண்டு ஒன்று செய்ய அளவு வேண்டும் என்றும் கேட்டாய். தொலைபேசியில் அளவு சொன்னால் ஒன்று நினைவில் நிற்கும், ஒன்பது மறந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. ஆசாரியை வைத்துச் செய்வதானால் அவரிடமும் வாசித்துச் சொல்.

முதலில் ஒரு காரியம். ஸ்டாண்டு முடியும்வரை காத்திராமல், இன்றைக்கே எஞ்சினை அந்த வலைக்குவியலிலிருந்து எடுக்கச் சொல். படுக்க வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இல்லாதபோது எல்லோரும் படுக்கத்தான் வைக்கிறோம். ஆனால் குவியலின் மேல் போட்டால் எந்தப் பக்கம் உயரும், எந்தப் பக்கம் தாழும் என்பது நம் கையில் இருக்காது. புரொப்பெல்லர் இருக்கும் பக்கம் உயர்ந்து தலைப்பக்கம் தாழ்ந்துவிட்டால், கடலுக்குள் இறங்கும் எஞ்சின் காலின் உள்ளே புகைபோகும் வழியில் தங்கியிருக்கும் உப்புத்தண்ணீர் மெல்ல மேலேறிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இரண்டு மாதம் கழித்துக் கயிற்றை இழுக்கும்போதுதான் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போனது தெரியவரும். கடலில் எப்படி நிற்கிறதோ அப்படியே கரையிலும் நிற்க வேண்டும் என்பதுதான் எஞ்சினுக்கு உள்ள ஒரே வழக்கம். நிற்க வைக்க இடம் இல்லையென்றால் தலைப்பக்கத்துக்கு மூன்று சாக்கு அடுக்கி, புரொப்பெல்லர் கீழே இருக்கும்படி சாய்த்து வைக்கட்டும். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எஞ்சினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். பழைய எஞ்சின் என்பதால் புத்தகம் கிடைக்காமல் இருக்கலாம். விற்றவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்.

இப்போது ஸ்டாண்டைப் பற்றி எழுதுகிறேன். நம் வீட்டில் இப்போது இருப்பது நான் செய்த இரண்டாவது ஸ்டாண்டு. முதலாவது விழுந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ ஏழாம் வகுப்பு. அந்த ஸ்டாண்டில் எஞ்சின் மாட்டும் பலகைக்கு முன்புறம் தரையோடு ஒன்றரை அடி நீளக் கால் வைத்த நான், பின்புறம் அரை அடிதான் வைத்தேன். முன்புறம் என்று நான் சொல்வது வள்ளத்தில் ஆள் இருக்கும் பக்கம், பின்புறம் என்பது எஞ்சின் தொங்கும் பக்கம். இடம் அடைக்கக் கூடாது என்று பின்காலைக் குறைத்துவிட்டு, முன்காலின் மேல் ஒரு கருங்கல்லைப் பாரமாக வைத்திருந்தேன். கல் இருந்தவரை அது ஆடாமல் நின்றது. ஓர் ஆனி மாதத்து இரவில் காற்று சுழற்றி அடித்து, வலையின் மேல் மூடியிருந்த தார்ப்பாய் பறக்கத் தொடங்கியது. இருட்டில் கைக்கு அகப்பட்ட அந்தக் கல்லை நானே எடுத்துத் தார்ப்பாயின் மேல் வைத்துவிட்டு வந்து படுத்தேன். விடியற்காலையில் பெரும் சத்தம் கேட்டு நாம் மூவரும் எழுந்து ஓடினோம். எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்து சிமெண்ட் தரையில் கிடந்தது. மேல்மூடி பிளந்து, கைப்பிடி அடியோடு ஒடிந்திருந்தது. மூடியையும் கைப்பிடியையும் மாற்றிவிட்டோம். ஆனால் முந்தைய நாள் மாலை வரை நீ அந்த எஞ்சினுக்குப் பின்னால்தான் பாய் விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அம்மா அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாயை மட்டும் சுருட்டி உள்ளே கொண்டுபோனாள். இப்போது பேரனுக்கு மூன்று வயது. அவன் ஓடி விளையாடும் திண்ணையில் அந்த எஞ்சின் நிற்கப்போகிறது என்பதால்தான் அளவைக் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

பத்துக் குதிரைச் சக்தி எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். அந்த எடை பலகையின் மேல் நேராக இறங்குவதில்லை, பலகைக்குப் பின்னால் முக்கால் அடி தள்ளித் தொங்குகிறது. எனவே தரையில் கிடக்கும் இரண்டு அடிக்கட்டைகளும் பலகைக்கு நேர்கீழிலிருந்து பின்புறம் 22 அங்குலம் நீள வேண்டும். முன்புறம் எடை இல்லையே என்று அதைக் குறைத்துவிடக் கூடாது. ஸ்டாண்டில் வைத்தே எஞ்சினை இயக்கிப் பார்க்கக் கயிறு இழுப்பவர் முன்புறம் நின்றுதான் இழுப்பார், அந்த இழுப்பில் ஸ்டாண்டு அவர் மேலேயே கவிழும். முன்புறம் 18 அங்குலம் போதும். ஆக, அடிக்கட்டை ஒவ்வொன்றும் 40 அங்குல நீளம், மூன்றுக்கு மூன்று கனம்.

உயரத்துக்கு என் அளவை அப்படியே எடுக்க வேண்டாம். அமரம் என்பது எஞ்சின் மாட்டும் வள்ளத்தின் பின்பக்கம். கால் குட்டையான எஞ்சின் 15 அங்குல உயர அமரத்துக்கும், கால் நீண்டது 20 அங்குல அமரத்துக்கும் செய்யப்பட்டவை. எஞ்சினை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு பலகையின் மேல் உட்காரும் இடத்திலிருந்து புரொப்பெல்லருக்கும் கீழே நீண்டிருக்கும் கூர்முனை வரை டேப்பைப் பிடித்து அளந்து, அதனோடு 5 அங்குலம் கூட்டினால் பலகையின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். நம்முடையது கால் நீண்டது, 29 அங்குலம் வந்தது, 34 அங்குலத்தில் பலகையை வைத்தேன்.

பலகையைத் தாங்க அடிக்கட்டைகளின் மேல் நிற்கும் இரண்டு கட்டைகளுக்கும் இடையில் உள்பக்கம் 26 அங்குலம் வெற்றிடம் வேண்டும். காரணம், 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக வெட்டி அதற்குள் தள்ள வேண்டும். டிரம்மின் அகலம் 23 அங்குலம் வரும். எஞ்சினைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, டிரம்மைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, எஞ்சினை மறுபடி இறக்கினால் கால் டிரம்முக்குள் இறங்கிவிடும். இதற்காகவே எஞ்சினுக்கு நேர்கீழே குறுக்குக்கட்டை எதுவும் வரக்கூடாது. ஒரு குறுக்குக்கட்டை அடிக்கட்டைகளின் முன்முனையில், இன்னொன்று தரையிலிருந்து 20 அங்குல உயரத்தில் நிற்கும் கட்டைகளின் முன்முகத்தில், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒவ்வொரு நிற்கும் கட்டைக்கும் முன்னும் பின்னும் சாய்வுக்கட்டை கொடுத்தால் ஸ்டாண்டு அசையாது.

மரத்துக்கு அயனியைவிட நல்லது நம் பக்கத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அதை ஆஞ்ஞிலி என்பார்கள். வள்ளம் கட்டிய மரம், உப்புக்காற்றைத் தாங்கிப் பழகியது. புது மரம் வாங்கக் காசு செலவிட வேண்டாம். பழைய வீட்டை இடித்த இடத்தில் உத்தரமோ கதவுநிலையோ கிடைத்தால் போதும். காய்ந்த மரம் என்பதால் பிறகு முறுக்கிக்கொள்ளாது. குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் மரம் மலிவாக வரும், அறுக்கவும் இலகுவாக இருக்கும். மருந்தில் ஊற வைக்காத ரப்பர் மரத்தை இரண்டு மழைக்குள் வண்டு துளைத்துவிடும், அதன் பக்கம் போக வேண்டாம். தென்னை என்றால் நன்கு முற்றிய மரத்தின் வெளிவைரம் மட்டும் உதவும், உள்ளே இருக்கும் சோற்றில் போல்ட் பிடிக்காது.

இனிப் பலகை. இதில்தான் ஆசாரிமார் பெரும்பாலும் தவறுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எதையும் மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்தித்தான் பழக்கம். வள்ளத்தின் அமரத்தில் எஞ்சின் மாட்டும் பலகை நேராக நிற்பதில்லை, மேல்விளிம்பு பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடிதான் எஞ்சினின் கிளாம்பைச் செய்கிறார்கள். ஸ்டாண்டில் பலகையை நேராக வைத்தால் தலைப்பக்கம் முன்னே குனிந்து, கால் பின்னே தள்ளிக்கொண்டு நிற்கும், டிரம்முக்குள்ளும் நடுவே இறங்காது. நான் ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வள்ளத்தின் அமரத்து ஓரத்தில் அட்டையைச் சேர்த்துப் பிடித்து, ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் விழுந்த கோட்டைப் பென்சிலால் அட்டையில் வரைந்தேன். அந்தக் கோட்டோடு கத்தரித்து எடுத்தபோது அட்டையிலேயே சாய்வு வந்துவிட்டது. 12 அங்குல அகலப் பலகையில் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட இரண்டரை அங்குலம் பின்னால் இருந்தது. அந்த அளவுக்கு மேலே தடித்துக் கீழே மெலிந்த இரண்டு ஆப்புகளைச் செதுக்கி, நிற்கும் கட்டைக்கும் பலகைக்கும் இடையில் வைத்துப் போல்ட் முடுக்கினேன். மாப்பிள்ளையின் வள்ளத்துச் சாய்வு வேறாக இருக்கலாம். அவர் தன் வள்ளத்தில் அட்டை வைத்து எடுக்கட்டும்.

பலகை இரண்டு அங்குலக் கனம் இருக்க வேண்டும். நீளம் 32 அங்குலம், அப்போதுதான் இருபுறமும் நிற்கும் கட்டைகளின் மேல் முழுதாகப் படியும். ஆணி அடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் வீங்கும், ஆணி ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் வெளியே வரும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடி விட்டுவிடும். 10 மில்லிமீட்டர் போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர், துருப்பிடிக்காத எவர்சில்வர் கிடைத்தால் அது, இல்லையென்றால் துத்தநாகம் பூசியது. ஆப்பு இருப்பதால் மேல் போல்ட் நீளமாகவும் கீழ் போல்ட் குட்டையாகவும் வாங்க வேண்டியிருக்கும், கடைக்குப் போகும் முன்பே அளந்துகொள்ளுங்கள். நிற்கும் கட்டை அடிக்கட்டையில் உட்காரும் இடத்தில் மட்டும் கழுந்து எடுத்துத் துளையில் இறக்க வேண்டும், அங்கே போல்ட்டை மட்டும் நம்பக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு கை பூசினால் மழை மரத்துக்குள் இறங்காது. முன்பெல்லாம் வள்ளங்களுக்கு இதையும் மீன் எண்ணெயையும்தான் பூசினோம். கைபட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காயும்வரை பேரனை அந்தப் பக்கம் விடாதே.

சக்கரம் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். திண்ணையோடு நிற்கப்போகும் ஸ்டாண்டுக்குச் சக்கரம் தேவையில்லை என்பது என் கருத்து.

ஸ்டாண்டு வந்த பிறகு எஞ்சினை எப்படிப் பேண வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். டிரம்மில் நல்ல தண்ணீர், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும் அளவுக்கு நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓடவிடக்கூடாது, உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் இறக்கை கருகிவிடும். ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும், பீய்ச்சவில்லை என்றால் உடனே அணைக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் ஓடினால் உப்பு கழுவிப்போகும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்பதால் கடைசியில் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு அணைப்பது நல்லது, மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் அடுத்த தடவை கயிறு இழுத்துக் கை சோரும். இதையெல்லாம் ஸ்டாண்டை முற்றத்தில் இறக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும். அடைத்த திண்ணையில் ஓடவிட்டால் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். கியர் எண்ணெயை இறக்கிப் பார்க்கும்போது அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பழைய எஞ்சின் என்பதால் இதை முதல் நாளே பார்த்துவிடட்டும்.

ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடைக்காலம், வள்ளத்துக்குத் தடை இல்லை. என்றாலும் இங்கே கடல் இன்னும் அடங்கவில்லை, வள்ளத்தைத் தெருவரை ஏற்றி வைத்திருக்கிறோம். ஆகையால் எனக்கு வேலை இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை பொழியூர் வழியாகப் பஸ் பிடித்து வருகிறேன். நம் பழைய மேசையின் அயனிப் பலகை ஒன்று இரண்டு அங்குலக் கனத்தில் பரணில் கிடந்தது. அதை இழைத்துப் பார்த்தேன், உள்ளே நல்ல வைரம் இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறேன், பலகைக்கு நீங்கள் வேறு வாங்க வேண்டாம். அடிக்கட்டையும் நிற்கும் கட்டையும் அங்கே அறுத்து வைக்கட்டும். அட்டையில் சாய்வு எடுத்து வைக்கவும் மாப்பிள்ளையிடம் சொல். போல்ட் துளை மட்டும் நான் வந்த பிறகு போடலாம்.

அம்மா உனக்குக் கருவாடு பொதிந்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா