மௌன ராகத்துக்கு மதிப்பெண் போடவில்லை

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான், புதிதாக ஒன்றுமில்லை. அங்கே உங்கள் நலம் அறிய ஆவல்.

பழைய வீடியோ கேசட்டும் தட்டும் அடுக்கிய மச்சுப் பீரோவைக் காலி செய்யத் தொடங்கிவிட்டேன். வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடுங்கள் என்று போனில் சொன்னாய். அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்கு வருத்தம்தான். அதில் பாதி உனக்காக ராத்திரி கண்விழித்துப் பதிவு செய்தவை. இருந்தாலும் நீ சொன்னதைச் செய்கிறேன், என் முறைப்படி. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, நோட்டில் நாலு வரி விமர்சனம் எழுதி, நாம் அந்தக் காலத்தில் செய்ததைப் போலவே விகடன் கணக்கில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவருகிறேன். நாற்பதுக்குக் கீழே வாங்கியது வெளியே போகும். நீ பார்த்த படத்துக்கெல்லாம் தொண்ணூறு போடுவாய். ‘16 வயதினிலே’ படத்துக்கே விகடன் 62.5தான் போட்டது, நீ யாரம்மா தொண்ணூறு போட என்று நான் சண்டைக்கு வருவேன். அதற்கும் சிரிப்பாய். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது. சளியா? இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குமேல் தள்ளாதே.

கேசட் போடும் டெக் (விசிஆர்) இன்னும் ஓடுகிறது. சித்தப்பா துபாயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததுதான். அவன் விஷயத்தில் எத்தனை கோபம் இருந்தாலும் இந்த ஒன்றுக்காக அவனைப் பாராட்ட வேண்டும். ஜப்பானில் விசிஆர் செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதாம், நம்முடையது இன்னும் மூச்சுவிடுகிறது. தொல்லை டேப்பில்தான். பல கேசட்டுகளில் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். அடியில் உள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் போடுகிறேன். பாதியில் நிறுத்தி எடுத்து வைத்தவைதான் அதிகம் கெட்டிருக்கின்றன. முழுக்கச் சுற்றி நிமிர்த்தி வை என்று அப்போதே உனக்கு ஆயிரம் முறை சொன்னேன்.

முதலில் ராமாயணம். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்ததே, அது. வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆச்சி மட்டும் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு, பட்டாபிஷேகத்தன்று டிவிக்குச் சூடம் காட்டினாள். இப்போது பார்த்தால் அம்பும் அம்பும் ஆகாயத்தில் மெதுவாக நடந்து வந்து சந்திக்கின்றன. அழுகிறவர் முகத்தை இந்தப் பக்கமிருந்து ஒருமுறை, அந்தப் பக்கமிருந்து ஒருமுறை காட்டுகிறார்கள். 41 போட்டேன். கடைசி ஒரு மதிப்பெண் ஆச்சியின் சூடத்துக்கு.

‘மர்மதேசம்’ கேசட்டுகளில் ‘விடாது கருப்பு’ மட்டும் தேறியது. குதிரைக் குளம்புச் சத்தம் வந்ததும் நீ என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போய்விட்டதா போய்விட்டதா என்று கேட்பாய். பணம் கொட்டாமல், இருட்டையும் சத்தத்தையும் வைத்தே மிரட்டியிருக்கிறார்கள். 57. தனியாக இருக்கும்போது இதையெல்லாம் பார்க்காதே. தனியாக இருக்கிறாய் என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

நீ முதல் சம்பளத்தில் பை நிறைய வாங்கி வந்த டிவிடிகள் அப்படியே இருக்கின்றன. மோசர் பேயர் விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் போட்ட சமயம். அப்பா, இனிமேல் திருட்டு விசிடி பார்க்காதீர்கள் என்று பெரிய மனுஷி போல் நீட்டினாய். தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உன்னிடம்தான் சொல்லவில்லை.

‘மைக்கேல் மதன காமராஜன்’ விசிடி மூன்று தட்டு. இரண்டாவதில் கீறல், சாம்பாரில் மீன் விழும் இடத்தில் சரியாக நின்றுவிடுகிறது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை அந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா ஓடிவந்து தலையில் தட்டி, மறுபடியும் போடுங்கள் மாமா என்று கேட்டாரே! நாலு கமலில் எவர் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் சமையல்காரர் என்றார். அம்மா வைத்த சொதியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட மனிதர் வேறு என்ன சொல்வார். 60 போட்டேன், அவருக்காக ஒன்று சேர்த்து. சித்திரை வருடப்பிறப்பன்று அவர் போனுக்கு வரவில்லை, ஹைதராபாத்தில் வேலை என்றாய். அதற்கு அடுத்த முறையும் ஹைதராபாத். அந்த வேலை இப்போது முடிந்திருக்கும். கேட்கவில்லை, எழுத்து ஓட்டத்தில் வந்துவிட்டது.

‘வீடு’. 1988இல் வந்த பாலுமகேந்திரா படம், அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்களே, அதிலிருந்து பிடித்தது, அடியில் ஆங்கில எழுத்து ஓடுகிறது. ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. சம்பளக்காரப் பெண் ஒருத்தி கடன் வாங்கி, நகையை விற்று, ஏமாற்றும் ஆளிடம் மாட்டி, செங்கல் செங்கலாக ஒரு வீடு கட்டுவதுதான் கதை. அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்க தாத்தா தனியாகக் குடை பிடித்துப் போகிறாரே, சொக்கலிங்க பாகவதர், அந்த இடத்தில் நான் டேப்பை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். கடைசியில் அந்த மனையே அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரியவந்து, அவள் கோர்ட்டுக்கு அலைகிறாள். 61. அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன் அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது? கடன் இருவர் பெயரிலும்தானே? உன் கணக்கிலிருந்துதான் தவணை போகிறது என்றால் வங்கிச் சீட்டுகளை ஆண்டு வாரியாக எடுத்து வைத்துக்கொள். நான் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்வதுதான். பத்திரத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவை, இங்கே கோத்ரெஜ் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

இனி ‘மௌன ராகம்’. சன் டிவியில் போட்டபோது எடுத்தது. கேசட் முதுகில் உன் கையெழுத்து: ‘யாரும் அழிக்கக் கூடாது’. அடியில் இரண்டு கோடு வேறு. அழிக்க முடியாதபடி ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவைத்திருக்கிறாய். பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவைப் பற்றியும் இளையராஜாவைப் பற்றியும் நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுப் போட முடியாது என்று வக்கீல் சொல்கிறார் அல்லவா, அது சரியான சட்டம்தான், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. ரொம்பக் கொடுமை என்றால் நீதிமன்றம் அதற்கு முன்பே அனுமதிக்கலாமாம். கோயிலில் பார்த்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். படத்துக்காகத்தான் கேட்டேன்.

மதிப்பெண் மட்டும் போட முடியவில்லை. அந்தப் பெண் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். அப்பாவுக்கு மாரடைப்பு வருகிறது. அம்மா வந்து கெஞ்சுகிறாள். பெண் சரி என்று விடுகிறாள். எத்தனையோ தடவை பார்த்த இடம். இந்தத் தடவை ரிமோட் கையிலேயே இருக்க, அந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வந்தது நிஜமான மாரடைப்பு அம்மா. எனக்கு வந்தது வாயு.

மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், யோசிக்க வேண்டும் அப்பா என்றாய். அன்று சாயங்காலம் எனக்கு நெஞ்சைப் பிடித்தது உண்மை, வேர்த்தது உண்மை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், ஒன்றுமில்லை, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு ராத்திரி இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னது நான். காலையில் நீ கட்டில் ஓரத்தில் நின்று, உங்கள் இஷ்டம் அப்பா என்றாய். அப்போது அந்த ஈசிஜி தாள் என் தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது, மாப்பிள்ளையும் நல்லவராக அமைந்தார், இனி எதற்கு அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவரிடம் நான் கண்ட குறை ஒன்றுமில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு, உன்னிடம் நான் சம்மதம் வாங்கிய விதம் வேறு. அம்மாவுக்கும் இது தெரியாது. நான் எழுதுகிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது; மகளாக வாய் திறக்கும் வரை நீங்கள் ஒன்றும் கிளறாதீர்கள் என்று எனக்கு அம்மாவின் கட்டளை.

இன்னொன்று. கேசட் மூன்று மணி நேரம்தான் ஓடும், நடுவில் விளம்பரம் வேறு. அதனால் கடைசி ரயில் நிலையக் காட்சி வருவதற்கு முன்பே டேப் தீர்ந்துவிடுகிறது. முடிவை நான்தான் உனக்கு வாயால் சொன்னேன், கணவராக வரும் மோகன் ஓடிப்போய் ரயிலில் ஏறிச் சங்கிலியை இழுத்து அவளை இறக்கிக் கூட்டிப்போவார் என்று. 1986இல் தியேட்டரில் அந்த இடத்தில் நானும் கைதட்டினேன். இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு அதில் திருப்தி இல்லை. அவள் இறங்காமலே சென்னை வந்து சேர்ந்திருந்தால் என்ன? அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருப்பார். பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆட்டோக்காரனிடம் பேரம் பேசி, போகிற வழியில் இட்லி சாப்பிடுகிறாயா என்று கேட்டிருப்பார். ஏன் வந்தாய் என்று கேட்டிருக்க மாட்டார். சங்கிலியை இழுத்துத் திரும்பிப் போயிருந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான். அது அவளாக முடிவு செய்ய வேண்டியது, இந்தத் தடவையாவது. இதையும் நோட்டில் எழுதினேன், பிறகு விமர்சனத்தில் இதற்கென்ன வேலை என்று அடித்துவிட்டேன்.

உன் கல்யாண டிவிடி நான்கு தட்டும் தனியாக இருக்கின்றன. இதயத்துக்குள் ரோஜா, ரோஜாவுக்குள் நீங்கள் இருவரும் என்று அந்த வீடியோக்காரர் செய்த கூத்து உனக்குத் தெரியும். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வைப்பதா அனுப்புவதா என்று நீ சொல்.

டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்துகொண்டு வருகிறது. இங்கே யாரிடமும் இல்லை. பெங்களூரில் எஸ்.பி. ரோடு பக்கம் போனால் விசாரித்துப் பார், அதற்கென்று அலைய வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளாதே. போன் செய்ய நேரமில்லை என்றால் இரண்டு வரி எழுது, தமிழில் எழுது.

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பிருந்துதான், பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதே. தீபாவளிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திறந்த அன்றே இடம் தீர்ந்துவிடும். தேதி மட்டும் சொன்னால் நானே காலையில் கவுன்டரில் போய் நின்று எடுத்துவிடுவேன். தீபாவளி வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. எத்தனை டிக்கெட் என்பதைப் படிவத்தில் எழுத வேண்டும், அதற்காக மட்டும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா