ஏழுமலைக்கு: கழனித் தண்ணியும் கல்யாண சாம்பாரும்

காட்பாடி

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பத்தாவது தேறியதில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. கத்திரி கழிந்தும் வெயில் இறங்கவில்லை. வேலூரில் பிறந்தவன் அதற்கெல்லாம் புலம்பக் கூடாது.

சரி, உன் டிரம் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் மிஞ்சிய சோறு, சாம்பார், குருமா எல்லாவற்றையும் 200 லிட்டர் டிரம்மில் கொட்டி, வெல்லத்தைக் கரைத்து ஊற்றி மூடி வைத்திருக்கிறாய். கத்தரிச் செடிக்கு நல்லது செய்யும் கிருமி தானாக வளரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கொல்லைக்காரர் சண்டைக்கு வருகிறார். கிருமி வளராமல் இல்லையப்பா, கோடிக்கணக்கில் வளர்ந்திருக்கும். நீ கூப்பிட்டது மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் செய்தது கிருமிக்குச் சமையல். அதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பூஞ்சை வளர்க்க உலகம் முழுக்கப் பயன்படும் மீடியா, அதாவது தீனி, எது தெரியுமா? 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீர், 20 கிராம் குளுக்கோஸ், 15 கிராம் அகர். எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். அகர் என்பது வேறொன்றும் இல்லை, ரம்ஜான் மாதத்தில் மேல்விஷாரம், ஆம்பூர் வீடுகளில் நோன்பு திறக்கச் செய்கிறார்களே கடல்பாசி, அதுதான். 1881 வாக்கில் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில், கிருமித் தீனியை உறையவைக்க ஜெலட்டினை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். கொஞ்சம் சூடேறினாலே அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றும் தீர்க்கும். அங்கே வேலை பார்த்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி, பலகாரத்துக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அடுப்படி யோசனை! அகர் உருக 85 டிகிரி வேண்டும், நம் ஊர் மே மாதத்தையும் தாங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அந்தம்மாள் மேல் எனக்குத் தனி மரியாதை.

கழிவில் கிருமி வளர்ப்பதும் புதிது அல்ல. 1941-ல் பூஞ்சையில் சுரக்கும் பென்சிலின் மருந்தை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் அமெரிக்காவின் பியோரியா ஊருக்குப் போனார்கள். அந்தப் பக்கமெல்லாம் மக்காச்சோளம். சோளத்தை ஊறவைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஆலைகளில் ஏராளமாகக் கிடந்தது. அதைப் பூஞ்சைக்கு ஊற்றிப் பார்த்தால் மருந்து பல மடங்கு கூடுதலாகச் சுரந்தது. அப்புறம் 1943-ல் அதே ஊர்ச் சந்தையில் வாங்கிய பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்துதான் இன்னும் வீரியமான பூஞ்சை ரகம் கிடைத்தது.

ஆகவே உன் யோசனை தப்பில்லை. ஆனால் அவர்கள் அந்தச் சோளத் தண்ணீரை நன்றாகச் சூடேற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் கொன்ற பிறகுதான் தங்களுக்கு வேண்டியதை விட்டார்கள். கிருமிக்குத் தீனி போடுவது சுலபம், எது கிடைத்தாலும் தின்னும். வேண்டாத கிருமியை வெளியே நிறுத்துவதில்தான் வேலையே இருக்கிறது. உன் டிரம்மில் வாசற்கதவே இல்லை.

இன்னொன்று உப்பு. ஊறுகாயும் கருவாடும் ஏன் கெடுவதில்லை? மண்டபத்துச் சாம்பாரிலும் குருமாவிலும் உப்பு, எண்ணெய், காரம் எல்லாம் கலந்திருக்கிறது. அதில் வளருவது உன் செடிக்கு உதவுகிற ஜாதி இல்லை. அந்த உப்பை வருஷக்கணக்கில் கொல்லையில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? தோல் ஆலைக் கழிவு இறங்கிய பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பார்த்தவர்கள் நாம். 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. மண்டபத்து மிச்சத்தை யாராவது சாண எரிவாயுக் கலனுக்குக் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கிய பெயரை உன் டிரம் கெடுக்க வேண்டாம்.

கிருமி வளர்க்க உப்புப் படாத மிச்சம் போதும். கழனித் தண்ணி, உப்பில்லாத வடிகஞ்சி, உருளைக்கிழங்குத் தோல், நொய். கழனித் தண்ணியை வாய்க்குத் துணி கட்டி ஓரிரு நாள் வை, புளித்து வாடை வரும். அதுபோல் பத்து மடங்கு பால் ஊற்றி மறுபடி வைத்தால் மேலே தயிர்போல் திரண்டு, அடியில் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் பாலைப் புளிக்கவைக்கும் கிருமியான லாக்டோபேசில்லஸ் நிறைய இருக்கும். அதை மட்டும் எடுத்து எடைக்கு எடை வெல்லம் போட்டால் கெடாமல் நிற்கும். எருக்குழியில் தண்ணீர் கலந்து தெளி, நாற்றம் அடங்கும். திரண்டதை மாட்டுக்கு வைத்துவிடலாம்.

வேரழுகலுக்கு நீ கேட்ட டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை வேறு சங்கதி. நொய்யை அரை வேக்காடாக வேகவைத்து, அகல வாய்க் கண்ணாடி பாட்டிலில் பாதி வரை போட்டு, பஞ்சால் அடைத்து, குக்கரில் வெயிட் போட்டு அரை மணி வைக்க வேண்டும். வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு 121 டிகிரியைத் தொடும், எங்கள் லேபில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவும் அதேதான். நன்றாக ஆறிய பிறகு, பாலுக்கு உறைமோர் விடுவதுபோல் தாய்க் கல்ச்சரை, அதாவது சுத்தமாக வளர்த்த விரிடியை, விட்டால், முதலில் நொய் முழுக்க வெள்ளைப் பஞ்சாகப் படரும். நாலைந்து நாளில் பச்சை பூக்கும். விரிடியாக இருந்தால் பஞ்சை எடுக்கும்போதே லேசாகத் தேங்காய் வாசனை வரும்.

ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் விரிடி என்று நினைத்துவிடாதே. வேர்க்கடலையில் வருமே மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம், அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அதுவும் நொய்யில் ஜோராக வளரும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த விஷமே தெரியவந்தது. சந்தேகமாக இருந்தால் மோந்து பார்க்காதே, பஞ்சைத் திறக்காமல் மறுபடி குக்கரில் ஏற்றிக் கொன்றுவிட்டுப் புதை.

உண்மையைச் சொன்னால் உனக்கு இந்த பாட்டில் வேலையே வேண்டாம். நாற்றுக்கு முன் விதை கிலோவுக்கு 4 கிராம் விரிடிப் பொடி கலந்துகொள். நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து போடு. வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கு இது, உன் ஒன்றரை ஏக்கருக்குக் குறைத்துக்கொள். பொடியை விரிஞ்சிபுரம் பண்ணையில் கேட்டுப் பார். வாங்கும்போது தேதியைப் பார், வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் டால்க் மாவுதான் மிஞ்சியிருக்கும். பாட்டிலில் வளர்த்துப் பார்க்கும் ஆசை எனக்குத்தான். மருமகள் ஏற்கெனவே எனக்கென்று தனிக் குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டாள், சாம்பார் குக்கரைத் தொடக் கூடாதாம்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். நானும் வருகிறேன், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. அதற்குள் டிரம்மைக் காலி செய்திருக்க வேண்டும். கொல்லை ஓரமாக, கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டி, காய்ந்த சருகும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடு. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு ரெண்டு கிலோ கத்தரிக்காய் கொடு, எனக்கும் ஒரு கிலோ எடுத்து வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சம்பத்து