ஆடம்ஸுக்கு இரண்டு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். வாஷிங்டனுக்கும் ஜெபர்சனுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸை ‘இரண்டாவது அதிபரின் மகன், ஒரே தவணையில் தோற்றுப் போனவர்’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். எழுதியதில் பிழை இல்லை. ஆனால், தோற்ற பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையை அப்படியே விட்டுவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

அதிபராக அவர் சோபிக்கவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். நால்வர் மோதிய 1824 தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அமர்த்தும் தேர்வாளர்களின் வாக்குகள் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தன. அதற்குத் துணை நின்ற சபாநாயகர் ஹென்றி கிளேயை அவர் வெளியுறவு அமைச்சராக்கினார். பேரம் பேசிப் பதவியைப் பிடித்துவிட்டார்கள் என்று ஜாக்சன் தரப்பு அடுத்த தேர்தல் வரை ஓயாமல் முழங்கியது. பேரம் நடந்ததோ இல்லையோ, அந்த நியமனம் அவரே வலியத் தேடிக்கொண்ட பழி. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம் என்று அவர் கேட்டவற்றுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் செவிசாய்க்கவில்லை. 1828இல் ஜாக்சனிடம் 178க்கு 83 என்று படுதோல்வி.

மற்றவர்களானால் ஊருக்குப் போய் ஓய்வெடுத்திருப்பார்கள். ஆடம்ஸோ 1830இல், 63 வயதில், மாசசூசெட்ஸிலிருந்து சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். அதிபராக இருந்தபின் அந்தச் சபையில் பணியாற்றியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். சாகும்வரை அங்கேயே இருந்தார்.

அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மக்கள் அனுப்பிய மனுக்கள் அப்போது சபையில் குவிந்தன. அவற்றை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க 1836இல், அடிமைமுறை நிலவிய தென்மாநிலங்களின் உறுப்பினர்கள் முன்னின்று ஒரு விதியை நிறைவேற்றினார்கள். வாய்ப்பூட்டு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பில் தன் பெயர் வந்ததும் ஆடம்ஸ் எழுந்து, இது அரசமைப்புக்கும் சபை விதிகளுக்கும் தன் தொகுதி மக்களின் உரிமைக்கும் எதிரானது என்றார். அதன்பின் எட்டு ஆண்டுகள் மனுக்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் அடுத்த மனுவை எடுத்தார். 1837 பிப்ரவரியில் ஒருநாள், அடிமைகளே அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதற்கும் இந்த விதி பொருந்துமா என்று சபாநாயகர் போல்க்கிடம் கேட்டார். சபை கொந்தளித்தது. அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று கூச்சல். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகுதான், அந்த மனு அடிமை ஒழிப்புக்கு எதிரானது என்ற செய்தியை வெளியிட்டார்! 1842இல் மீண்டும் கண்டனத் தீர்மானம் வந்தபோது, சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசிக்கச் சொல்லித் தன் வாதத்தைத் தொடங்கினார். இரண்டு வாரம் வாதாடியபின் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டார்கள். 1844 டிசம்பர் 3 அன்று, 108க்கு 80 என்ற கணக்கில், அவர் கொண்டுவந்த தீர்மானத்தாலேயே அந்த விதி ஒழிந்தது.

இடையில், 1841இல், அமிஸ்டாட் வழக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட மென்டே இன மக்கள் கியூபா அருகே தங்களை ஏற்றிச்சென்ற அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றி, கடைசியில் அமெரிக்கச் சிறையில் கிடந்தார்கள். அவர்களுக்காக 73 வயதில் உச்ச நீதிமன்றத்தில் நின்றார் ஆடம்ஸ். முதல் நாள் நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அன்றிரவு நீதிபதி ஒருவர் இறந்துவிட, சில நாள் கழித்து மீண்டும் வந்து வாதத்தை முடித்தார். மார்ச் 9இல் அவர்கள் விடுதலை பெற்றார்கள். உயிரோடு எஞ்சியவர்கள் சியரா லியோனுக்குத் திரும்பினார்கள்.

குறையும் உண்டு. 1820இல், மிசௌரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்ப்பதா என்ற சிக்கல் எழுந்தபோது, வெளியுறவு அமைச்சராக இருந்த அவர் அடிமைமுறையைத் தன் நாட்குறிப்பில் கடுமையாகச் சாடிவிட்டு, வெளியே வாய் திறக்கவில்லை. பதவி ஏணியில் ஏறும்போது காத்த மௌனத்தை, ஏற வேறு படி இல்லாத வயதில்தான் கலைத்தார் என்று ஒருவர் குறை சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த வயதில் அவருக்கு வந்த கொலை மிரட்டல்களை நினைத்தால், எனக்கு அவர்மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

அவருடைய நாட்குறிப்பு 51 தொகுதிகள். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அவற்றை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. கட்டுரையாளர் 1836 முதல் 1844 வரையிலான பக்கங்களையாவது புரட்டிவிட்டு, தொடரின் ஓர் அத்தியாயத்தை ஆடம்ஸுக்கென ஒதுக்க வேண்டும். அதற்குத் தாங்கள் இடம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்