பழைய லைகாரத்துக்காக டெசராக்டைத் தொகுத்த கதை

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம், வீட்டிலும் அனைவரும் நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுப்பது, அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவமாக மாற்றுவது, நம் வயதில் ஆகிற காரியமா என்று கேட்டிருந்தாய்; அதைச் செய்து முடித்துவிட்டே பதில் எழுதுகிறேன்.

அப்பா 1962இல் அச்சிட்ட வெண்பாத் தொகுப்பு உனக்கு நினைவிருக்கும். அதைக் கணினியில் ஏற்ற, படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து உரையாக்கும் டெசராக்ட் என்னும் எழுத்துணரியை நாடினேன். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் 1985இல் உருவாகத் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்த மென்பொருள் அது. இன்றைய தமிழ் அச்சை நன்றாகவே படிக்கிறது. அப்பாவின் நூலோ 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையது. துதிக்கை வளைந்த ணை, லை, ளை, னை ஆகியவற்றையும், சுழித்து எழுதிய ணா, றா, னா வரிசையையும் கண்டு தடுமாறியது. அந்த 13 எழுத்துகளையும் அதற்குக் கற்பித்தே தீர்வதென்று முடிவு செய்தேன். என் கணினியின் இயங்குதளமான டெபியனில் இருந்த பதிப்பு பழையது; ஆகவே புதிய பதிப்பைப் பயிற்சிக் கருவிகளோடு நானே தொகுக்க முற்பட்டேன்.

படக்கோப்பைத் திறக்கும் வேலையை டெசராக்ட் தானே செய்வதில்லை. பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுதியை நிரலகம் என்பார்கள்; லெப்டோனிகா என்னும் நிரலகத்திடம் அதை விட்டுவிடுகிறது. முதலில் அதையும் அடுத்து டெசராக்டையும் தொகுத்தேன். ஒரு பிழையும் வரவில்லை. இயக்கியபோது நிரலகத்தைக் காணோம் என்றது. நிரலகங்கள் எங்கே இருக்கின்றன என்னும் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை இட்டதும் அது தீர்ந்தது. பிறகு பிஎன்ஜி வகைப் படமொன்றைக் கொடுத்தேன்; அதைப் படிக்கும் செயற்கூறே இல்லை என்ற செய்தி வந்தது. இரண்டு நாள் டெசராக்டின் நிரலைக் குடைந்தேன். குறை அங்கே இல்லை. டெபியனில் நிரலகம் ஒரு பொதியாகவும், அதை வைத்து வேறொன்றைத் தொகுக்கத் தேவையான, அதிலுள்ள செயற்கூறுகளை விவரிக்கும் தலைப்புக் கோப்புகள் 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியாகவும் வருகின்றன. என் கணினி நாள்தோறும் பிஎன்ஜி படங்களைக் காட்டிவந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. ஆனால் தொகுக்கும் முன் கணினியில் என்னென்ன உண்டு என்று சோதிக்கும் லெப்டோனிகாவின் கான்ஃபிகர் நிரல் அந்தத் தலைப்புக் கோப்புகளைத் தேடி, கிடைக்காததால் பிஎன்ஜி வசதியை விட்டுவிட்டு மேலே சென்றிருந்தது. செல்வம், திரையில் விரைந்தோடும் அந்த நூற்றுக்கணக்கான வரிகளை நாம் படிப்பதேயில்லை. வேலையை நிறுத்தாத ஓர் 'இல்லை' அவற்றினிடையே இருந்திருக்கிறது. பொதியை நிறுவி லெப்டோனிகாவை மட்டும் மறுபடி தொகுத்தேன். இயங்கும்போது மட்டும் இணையும் பகிர்வு நிரலகம் என்பதால் டெசராக்டைத் தொட வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிக் கருவிகளுக்கு ஐசியூ, பேங்கோ, கெய்ரோ ஆகிய நிரலகங்களின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். இம்முறை கான்ஃபிகர் சொன்னதை வரிவரியாகப் படித்த பிறகே தொகுப்பைத் தொடங்கும் மேக் கட்டளையை இட்டேன்.

இப்போது நூலின் ஒவ்வொரு வரியையும் தனிப் படமாக வெட்டி, அதற்குரிய உரையைத் தட்டச்சு செய்துவருகிறேன். பழைய லைக்கும் புதிய லைக்கும் யூனிகோடில் ஒரே குறியீடுகள்தாம்; ஆதலால் வழக்கம்போலத் தட்டினால் போதும், வடிவத்தை மட்டும் கருவி கற்றுக்கொள்ளும். இன்னொன்று: தமிழுக்கு இருவகைத் தரவுக் கோப்புகள் உண்டு, 'பெஸ்ட்' என்னும் வகையின்மீதுதான் பயிற்சியைத் தொடர முடியும், 'ஃபாஸ்ட்' வகை இதற்கு உதவாது. நீ தொடங்கினால் இதை மறந்துவிடாதே.

அப்பாவின் நூல் ஓர் அச்சகத்தின் எழுத்துருவை மட்டுமே கற்பிக்கும். உன் தாத்தாவின் பெட்டியில் அக்காலத்து மாத இதழ்கள் இருந்தனவே, அவற்றில் பத்துப் பக்கங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து அனுப்பு. பிஎன்ஜியாகவே அனுப்பலாம்.

அன்புடன்,
மணி